காலாவதித் தேதி இல்லாத ரிஜிஸ்டர்

எழுதி மூன்று மாதமாகிவிட்டது. ஆடிட், அப்புறம் பெண்ணின் பரீட்சை, அப்புறம் வழக்கமான சோம்பல். போன வாரம் கிளைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் பழைய கதை ஒன்றைக் கிளறிவிட்டுப் போனார். அதைத்தான் எழுதப்போகிறேன்.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் பி.காம். கெமிஸ்ட்ரி பத்தாங்கிளாஸோடு சரி. பூச்சிமருந்தின் வேதியியலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள், நானும் எடுக்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிஜிஸ்டர், ரினீவல், தேதி. இந்தப் பதிவும் தேதிகளைப் பற்றியதுதான்.

மண்டி மொஹல்லாவைத் தெரியாதவர்களுக்கு: மைசூர் வருகிறவர்கள் அரண்மனை, தேவராஜா மார்க்கெட், சாமுண்டி மலை என்று பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். மார்க்கெட்டுக்கு வடக்கே இர்வின் ரோட்டைத் தாண்டினால் எங்கள் பேட்டை. காலையில் மூட்டை இறக்குகிற சத்தம், மதியம் பாங்கு, சாயங்காலம் கோயில் மணி. கன்னடம், உருது, மார்வாடி, நடுவில் நம்ம ஊர்த் தமிழும் காதில் விழும். கே.ஆர். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி, மாற்றல் மேல் மாற்றல் வாங்கி, 2017இல் மைசூருக்கு வந்தேன். நடுவில் மூன்று வருடம் என்னை மட்டும் ஹாசன் பக்கம் தூக்கிப் போட்டார்கள். குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. கன்னடம் இப்போது சண்டை போடுகிற அளவுக்கு வரும்.

நான் சொல்லும் வாடிக்கையாளர் உரம், விதை, பூச்சிமருந்து விற்கிறவர். அப்பா காலத்துக் கடை. பெயரோ தெருவோ சொல்ல மாட்டேன், உத்தியோக தர்மம். அவருக்குக் கேஷ் கிரெடிட் லிமிட் இருக்கிறது. பேங்க் பக்கமே வராதவர்களுக்காக: கடைச் சரக்கின் மேல் கடன். மாதாமாதம் சரக்கு எவ்வளவு என்று ஸ்டேட்மெண்ட் தரவேண்டும். அதில் 25 சதவீதம் மார்ஜின் கழித்து, மிச்சத்துக்குள் அவர் பணம் எடுக்கலாம். காலாவதியான சரக்கு, விற்காமல் கிடக்கிற சரக்கு, சட்டப்படி விற்கக் கூடாத சரக்கு, இதற்கெல்லாம் மதிப்பு பூஜ்யம்.

2024 பிப்ரவரியில் அவருடைய ஸ்டேட்மெண்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். சில லட்ச ரூபாய்க்கு. முந்தின செப்டம்பர் 29ஆம் தேதி மத்திய அரசு போட்ட உத்தரவில் அதன் பதிவை ரத்து செய்திருந்தார்கள் என்பது பேப்பரில் படித்த ஞாபகம். கூப்பிட்டுக் கேட்டேன். கையிருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்திருக்கிறார்களே சார் என்றார். அவகாசம் இருக்கட்டும், அவகாசம் முடிந்ததும் அது வெறும் பாட்டில்தானே, நான் எதை நம்பிக் கடன் கொடுப்பது என்று சொல்லி அந்த வரியைப் பூஜ்யமாக்கினேன்.

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றுகொண்டு, "நின்னெவரெகூ ஔஷதி, இவத்து விஷானா சார்?" என்றார். நேற்றுவரை மருந்து, இன்றைக்கு விஷமா? இத்தனை வருஷமாக இதே பாட்டிலை நம்பி உங்கள் பேங்க் கடன் கொடுத்ததே, அப்போது உள்ளே என்ன இருந்தது, பாலா?

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. எனக்குத் தெரிந்து அதற்கு யோக்கியமான பதில் ஒன்றுதான். நேற்றும் விஷம்தான். நேற்று யாரும் ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று தேடப் போய்த்தான் ஒரு விஷயம் தெரிந்தது. உங்களில் பலருக்கும் இது புதிதாக இருக்கலாம். நம் நாட்டில் ஒரு பூச்சிக்கொல்லிக்குப் பதிவு கிடைத்துவிட்டால் அந்தப் பதிவுக்குக் காலாவதியே கிடையாது. பாட்டிலுக்குள் இருக்கும் மருந்துக்கு காலாவதித் தேதி உண்டு, லேபிளில் போட்டிருப்பார்கள். விற்கிற கடைக்கு லைசென்ஸ் உண்டு. அந்த மருந்து இந்த நாட்டில் இருக்கலாம் என்ற அனுமதிக்கு மட்டும் தேதி இல்லை.

என் தொழிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கணக்குக்கு நாங்கள் கேஒய்சி கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறோம் அல்லவா? ரிஸ்க் அதிகமான கணக்கு என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நடுத்தரம் என்றால் எட்டு, குறைவு என்றால் பத்து. ரிசர்வ் பேங்க் விதி. நவம்பர் வந்தால் எண்பது வயதுப் பென்ஷன்காரர் ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, நான் இன்னும் சாகவில்லை என்று கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுப் போகிறார். அவர் வராவிட்டால் பென்ஷன் நிற்கும். ஆனால் லேபிளில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு பாட்டில் (சிவப்பு என்றால் கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும்) நாற்பது வருஷம் யார் முன்னாலும் வந்து நிற்கவேண்டியதில்லை.

இந்தச் சட்டம் பிறந்த கதையே ஒரு சாவுக் கதை. 1958இல் கேரளத்தில் கோதுமை மாவுப் பலகாரம் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நூறு பேருக்கு மேல். அன்றைய மெட்ராஸ் மாநிலத்திலும் பாதிப்பு இருந்தது. மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்திருக்கிறது, ஒழுகி மூட்டையில் இறங்கிவிட்டது. அதன் வியாபாரப் பெயர் ஃபாலிடால். ஆமாம், நம்ம ஊரில் பேச்சுவழக்காகவே ஆகிப்போன அதே பாலிடால்தான். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பத்து வருடம் கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, விதிமுறைகள் 1971இல். ஏற்கனவே புழக்கத்தில் இருந்தவற்றைப் பதிவானதாகவே கருதி உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஃபரீதாபாத்தில் ஆபீஸ், அங்கே பதிவுக் குழு. புது மருந்து வந்தால் கம்பெனி பரிசோதனை விவரங்களைக் கொடுக்கவேண்டும், குழு பார்த்து அனுமதிக்கும். அந்தக் காலத்துக்கு நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். அனுமதித்த பிறகு எப்போது மறுபடி பார்ப்பது என்பதை எழுத மறந்துவிட்டார்கள்.

கூத்து என்னவென்றால், அந்தப் பாலிடாலுக்கு ஒரு தம்பி உண்டு, மெத்தில் பாரத்தியான். அதற்கு நம் நாட்டில் முழுத் தடை வந்தது 2018 ஆகஸ்டில். அறுபது வருடம்!

அப்படியானால் மறுஆய்வே நடக்காதா? நடக்கும். யாராவது கத்தினால், கோர்ட்டுக்குப் போனால், வெளிநாடு கதவைச் சாத்தினால் ஒரு கமிட்டி போடுவார்கள்.

எண்டோசல்ஃபான் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காசர்கோட்டில் அரசாங்கத்து முந்திரித் தோட்டங்களின் மேல் எழுபதுகளின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். கீழே ஊர் இருந்தது, கிணறு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. எல்லை தாண்டி இந்தப் பக்கம் தட்சிண கன்னடத்திலும் இதே கதை. அதற்கு எத்தனை கமிட்டி! அச்சுதன் கமிட்டி, தூபே கமிட்டி, மாயி கமிட்டி. ஒன்று சொன்னதை இன்னொன்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 2011 ஏப்ரலில் உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் கீழ் அதை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தன, மே 13ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை போட்டது. ஃபரீதாபாத் தானாக முடிவெடுத்து நிறுத்தவில்லை.

இதற்குப் பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கான ஒரு முயற்சி. 2013 ஜூலையில் விஞ்ஞானி அனுபம் வர்மா தலைமையில் ஒரு குழு. வேறு நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ இருந்து இங்கே மட்டும் விற்கிற 66 மருந்துகளைப் பார்க்கச் சொன்னார்கள். 2015 டிசம்பரில் அறிக்கை. 13ஐத் தடை செய்யுங்கள், 6ஐ 2020க்குள் படிப்படியாக நிறுத்துங்கள், 18 தொடரலாம், 27க்கு விவரம் போதவில்லை, கம்பெனிகளிடம் வாங்கி 2018இல் மறுபடி பாருங்கள் என்றது. எண்டோசல்ஃபான் கோர்ட்டில் இருந்ததால் தொடவில்லை. 2018 ஆகஸ்ட் 8ஆம் தேதி 18 மருந்துகளுக்குத் தடை உத்தரவு வந்தது, 12க்கு உடனே, 6க்கு 2020 டிசம்பர் 31 முதல்.

மிச்சமிருந்த அந்த 27தான் சுவாரஸ்யம். 2020 மே மாதம், நாமெல்லாம் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, 27ஐயும் தடை செய்யப்போவதாக வரைவு வெளியிட்டார்கள். பல மருந்துகளுக்கு அவர்கள் எழுதியிருந்த காரணங்களில் ஒன்று, கேட்ட விவரங்களைக் கம்பெனிகள் தரவில்லை என்பது. உடனே ஆட்சேபங்கள் குவிந்தன. ஆட்சேபங்களைப் பார்க்க டி.பி. ராஜேந்திரன் தலைமையில் இன்னொரு குழு. 27இல் ஏன் 3 மட்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2023இல் கேட்டது. அந்த செப்டம்பரில் வந்த இறுதி உத்தரவில் முழுத்தடை டைகோஃபால், டைனோகாப், மெத்தோமில் என்று மூன்றுக்குத்தான். கூடவே நம்ம மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். இன்னும் சிலவற்றின் லேபிளிலிருந்து சில பயிர்களை நீக்கினார்கள். உதாரணமாக டைமெத்தோயேட்டைப் பச்சையாகச் சாப்பிடுகிற காய்கனிகள் மேல் அடிக்கக் கூடாது. எது பச்சையாகச் சாப்பிடுகிற காய் என்று தோட்டத்தில் நின்று தீர்மானிக்கப்போவது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

விவரம் தரவில்லை என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என்னிடம் கடன் வாங்கியவர் பேலன்ஸ் ஷீட் தராவிட்டால் லிமிட்டைப் புதுப்பிக்க மாட்டேன். அவர் ஓடி வருவார், ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு வருவார். ஏனென்றால் தேதி முடிந்தால் நஷ்டம் அவருக்கு. இங்கே தேதியே இல்லாததால், விவரம் தராமல் இருப்பதுதான் கம்பெனிக்கு லாபம். அதுவும் பழைய மருந்துகள் பேட்டண்ட் முடிந்தவை. முதல் கம்பெனி விவரம் கொடுத்துப் பதிவு வாங்கிய பிறகு, அதே மருந்தை அதே நிபந்தனைகளில் விற்கிறேன் என்று அடுத்தவர்கள் சுலபமாகப் பதிவு வாங்கிக்கொள்ளலாம், சட்டத்தின் 9(4) பிரிவு. ஒரே சரக்கை இத்தனை பேர் விற்கும்போது, புதிதாக ஒரு ஆராய்ச்சிக்குக் கோடிகளை யார் செலவழிப்பார்கள்? ஊர்ப் பொதுக்கிணறு மாதிரிதான். எல்லாரும் இறைப்பார்கள், தூர் வார ஆள் வராது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மருந்தையும் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம். ஐரோப்பாவில் முதல் அனுமதி பொதுவாகப் பத்து வருடம், முடிந்தால் கம்பெனிதான் வந்து மறுபடி நிரூபிக்கவேண்டும். குளோர்பைரிபாஸுக்கு 2020 ஜனவரியில் தேதி முடிந்தது, புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள், கதை முடிந்தது. அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2022 அக்டோபருக்குள் முடிக்கவேண்டிய முதல் சுற்றை முடிக்க முடியாமல் 2026 வரை தள்ளி வைத்தார்கள். கிளைஃபோசேட்டை எத்தனையோ எதிர்ப்புக்கு நடுவில் ஐரோப்பா 2023இல் இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தது. தேதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தேதி இருந்தால் ஒரு நாள் கதவைத் தட்டியே ஆகவேண்டும், அவ்வளவுதான்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து படிக்கிறவர்கள், இதெல்லாம் நமக்கென்ன, நாங்கள் காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துத்தான் சமைக்கிறோம் என்று நினைக்கலாம். என் வீட்டிலும் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கறிவேப்பிலை மிதந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பேச்சு எப்போதும் நம் தட்டில் எவ்வளவு எச்சம் என்பதோடு நின்றுவிடுகிறது. 2003இல் குளிர்பானத்தில் பூச்சிமருந்து என்று நாடே கொந்தளித்தது, பாராளுமன்றக் கூட்டுக்குழுவே போட்டார்கள். அடிக்கிறவனையும், அந்த டப்பா இருக்கிற வீட்டையும் பற்றி அந்தக் கொந்தளிப்பு இல்லை.

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் கே.ஆர். ஆஸ்பத்திரிப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. சாமராஜநகர் மாவட்டம் ஹனூர் பக்கம் சுள்வாடி, கிச்சுகுத்தி மாரம்மா கோயில். கோபுரத்துக்கு அடிக்கல் போட்ட நாள், பக்தர்களுக்குத் தக்காளி சாதம் பிரசாதம். அதில் பூச்சிமருந்து கலந்திருந்தது. பதினேழு பேர் செத்தார்கள், நூறு பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். பக்கத்தில் வசதி இல்லாமல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து மைசூர் ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். ஆபீஸ் முடிந்து வரும் வழியில் கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் ஒரு அம்மா தமிழில் அழுதுகொண்டிருந்தார். எல்லைப்புறம் அல்லவா. நான் நின்றேன், என்ன சொல்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வேண்டுமென்றே கலந்தார்கள் என்றுதான் போலீஸ் வழக்கு. கலந்ததாகச் சொல்லப்பட்டது மோனோகுரோட்டோபாஸ்.

கொலைக்குக் கத்தியைத் தடை செய்வார்களா என்று கேட்பார்கள். சரி, தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 2005இல் காய்கறிகளுக்கு இதை அடிக்கக் கூடாது என்று உத்தரவு. அதாவது ஆபத்து என்று அரசுக்கே தெரியும். 2009இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இதன் பாதிப்புகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 2013 ஜூலையில் பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்து மதிய உணவில் இது கலந்து 23 குழந்தைகள் செத்தார்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள், அங்கே அடித்த மருந்துகளில் இதுவும் ஒன்று. 2018இல் சுள்வாடி. உத்தரவு வந்தது 2023இல்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். எனக்கு எட்டு வயது மூத்தவர். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது, ஒட்டன்சத்திரம் கொட்டகையில் முதல் படம் காட்டியது எல்லாம் அவர்தான். 1996 ஐப்பசியில், வண்டி வாங்குவது சம்பந்தமாகப் பெரியப்பாவோடு ஒரு வாய்ச்சண்டை. மறுநாள் மறந்துபோகக்கூடிய சண்டை. கோபத்தோடு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போனார். எங்கள் ஊரில் இந்தச் சாவுக்குத் தனிச் சொல்லே கிடையாது, "மருந்து குடிச்சிட்டான்" என்பார்கள். ஜீப்பில் திண்டுக்கல் கொண்டுபோகிற வழியில் அவர் பெரியம்மாவிடம் பேசிக்கொண்டுதான் வந்தார். தப்புப் பண்ணிட்டேம்மா, காப்பாத்திருங்க என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரியம்மா அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார்கள், அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

பெரியவனான பிறகு ஒன்று படித்தேன். நம் பக்கத்து நாடு இலங்கை 1984இல் பாரத்தியானையும் மெத்தில் பாரத்தியானையும் நிறுத்தியது. 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்பட மிகக் கடுமையான ரகங்களை நிறுத்தியது. 1998இல் எண்டோசல்ஃபான், 2008க்குப் பிறகு பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான். 1995 வாக்கில் உலகின் மிக அதிகமான விகிதங்களில் ஒன்றாக இருந்த அதன் தற்கொலை விகிதம் இருபது வருடத்தில் 70 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பியதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதனால் நெல் விளைச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. அங்கே மனிதர்கள் சண்டை போடுவதை நிறுத்திவிடவில்லை. கோபத்தில் கைக்கெட்டிய டப்பாவில் இருந்தது வேறாகிவிட்டது, ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் கிடைத்தது. அண்ணன் போனது அங்கே தடை வந்த அடுத்த வருடம். தொழுவத்தில் இருந்தது எந்த மருந்து என்று இன்றுவரை நான் பெரியப்பாவிடம் கேட்டதில்லை.

தமிழ்நாடு அரசு 2022-23 சமயத்தில் இதே காரணத்துக்காக மோனோகுரோட்டோபாஸ் உள்பட ஆறு மருந்துகளை நிறுத்தியது. எத்தனை நாளைக்குத் தெரியுமா? அறுபது நாள். மாநில அரசுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் அவ்வளவுதான், மிஞ்சிப்போனால் இன்னும் முப்பது நாள். பூச்சிக்கூட அதற்குள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். எலி பசையை மட்டும் (அந்த மஞ்சள் பாஸ்பரஸ் சரக்கு) நிரந்தரமாக நிறுத்தினார்கள்.

இப்படியெல்லாம் போன பொங்கலுக்கு ஊரில் சித்தப்பாவிடம் பேசினேன். அவருக்கு மூன்று ஏக்கர், தக்காளியும் முருங்கையும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏப்பா, நிறுத்தினா நிறுத்தட்டும். மாத்து என்னன்னு எவனாச்சும் சொன்னானா?" என்றார். பழைய மருந்து மலிவு. புது மருந்து பாட்டில் சின்னது, விலை பெரிது. எதை அடிக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்வது விவசாய ஆபீசர் இல்லை, கடனுக்குச் சரக்குக் கொடுக்கிற கடைக்காரர். கடை சொன்னதை அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்குக் கடன் இல்லை. "நீ ஒரு கிலோ தக்காளி முப்பது ரூபான்னா மூஞ்சியச் சுளிக்கிறவன். நான் வேப்பங்கொட்டை இடிச்சுக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டார். சித்தி சிரித்துவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. திடீர்த் தடை விவசாயியையும் கடைக்காரரையும்தான் நடுத்தெருவில் நிறுத்தும். ஆனால் தடை ஏன் திடீரென்று வருகிறது? நாற்பது வருஷம் பார்க்காமல் இருந்துவிட்டு ஒரு நாள் கோர்ட் பயத்தில் பார்ப்பதால். பத்து வருடம் என்று தேதி போட்டிருந்தால் எட்டாவது வருடமே கம்பெனிக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், வேளாண் பல்கலைக்கழகம் மாற்றைத் தேடத் தொடங்கியிருக்கும். என்னைப் போன்ற பேங்க்காரனுக்கும் தெரியும். புதுச் சட்டத்துக்கு 2008இல் ஒரு மசோதா, 2020இல் இன்னொரு மசோதா என்று பாராளுமன்றத்துக்குப் போயின, சட்டமாகவில்லை. எந்த மசோதா வந்தாலும் நான் முதலில் தேடப்போவது ஒரே ஒரு வரியைத்தான். பதிவு எத்தனை வருடத்துக்கு? முடிந்ததும் நிரூபிக்கவேண்டியது யார்? விற்கிறவர் நிரூபிக்கவேண்டும், செத்தவனின் குடும்பம் அல்ல. கூடவே, தடை வந்தால் மிச்சச் சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும். விற்றுத் தீர்க்க அவகாசம் என்றால், ஆபத்து என்று தெரிந்த சரக்கை ஒரு கிராமத்துத் தலையில் கட்ட அவகாசம் என்றுதானே அர்த்தம்?

போன வாரம் அந்த வாடிக்கையாளர் ரினீவலுக்கு வந்தார். பழைய கோபம் இல்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பத்திரிகை வைத்தார். ஸ்டேட்மெண்டைப் பார்த்தேன். மோனோகுரோட்டோபாஸ் வரி இல்லை. அந்த இடத்தில் குளோர்பைரிபாஸும் அசிஃபேட்டும் இருந்தன, இரண்டும் அந்த 27இல் இருந்து தப்பித்தவை. "இது ஓகேதானே சார்?" என்று கேட்டார், கேலியா என்று தெரியவில்லை. பதிவு செல்லும், விற்பதற்குத் தடை இல்லை, பாட்டிலின் காலாவதித் தேதியும் தாண்டவில்லை. 25 சதவீதம் மார்ஜின் போக முழு மதிப்பையும் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.